மருந்தும் மிளகாயும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூரைக் கடக்கிறவர்கள், மாசி, பங்குனி மாதங்களில், கரிசல் காட்டோரத்துக் களங்களில் சம்பா மிளகாய் செக்கச் செவேலென்று காய்வதையும், அதே வெயிலில் சற்றுத் தள்ளி, பட்டாசுத் தொழிற்சாலைகளின் சிறு அறைகள் ஒன்றையொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்பதையும் காணலாம். வெடிக்குள் அடைக்கும் கலவைக்கு இப்பக்கத்தில் ‘மருந்து’ என்றே பெயர். அதிலுள்ள வெடியுப்பு பிராணவாயுவை வாரிக் கொடுக்க, கந்தகமும் அலுமினியத் தூளும் கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து தீர்கின்றன.

இதற்கு இனமான ஒரு தகனம் நம் இரத்தத்திலும் நடைபெறுகிறது. கிருமி உட்புகுந்தவுடன், நியூட்ரோபில் என்னும் வெள்ளணு அதனை விழுங்கி, தன்னுள் ஒரு நுண்ணிய பையில் அடைத்து, பிராணவாயுவை உக்கிரமான ரூபங்களாக மாற்றி, சலவைத் தூளின் வீரியத்துக்கு ஒப்பானதோர் அமிலத்தையும் ஆக்கி, அதன்மீது பொழிகிறது. இத்தீயை மூட்டும் நொதி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகள் சாதாரணப் பூஞ்சைக்கும் மீண்டும் மீண்டும் இரையாகித் துன்புறுவதைப் பார்க்கும்போது, தீயே வேண்டாமென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. வேண்டுவது வரம்பு. அதற்காகவே போலும், அந்த வெள்ளணு தன்னைச் சூழ்ந்த இரத்த நீரில் இருப்பதைப்போலப் பல மடங்கு வைட்டமின் சி-யைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கிறது.

வரம்பு மீறினால் தீங்கு இருதயத்துக்கு. எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள் தமனியின் உட்சுவரில் சிக்கி, ஆக்ஸிஜனேற்றத்தால் உருத்திரிந்து போனால், மேக்ரோபேஜ் என்னும் மற்றொரு வெள்ளணு அதனை அந்நியமென்று எண்ணி, போதுமென்ற உணர்வே இன்றி விழுங்கி விழுங்கி, கொழுப்பு நுரைத்த மூட்டையாகிச் சுவரிலேயே மடிகிறது. அவ்வாறு திரண்ட படிவு என்றோ ஒருநாள் கிழியும்போது இரத்தம் உறைந்து மாரடைப்பு நேர்கிறது.

ஹங்கேரி தேசத்துச் செகெத் நகரில், இரவு உணவில் வைத்த சிவப்பு மிளகாயைத் தின்ன மனமின்றி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்ற ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, அதில் வைட்டமின் சி மலிந்திருக்கக் கண்டார். 1937-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் அத்தகைய சத்துகளை மாத்திரையாக்கி விழுங்கினால் வியாதியே அணுகாதென்ற நம்பிக்கை பின்னாளில் பரவிற்று. ஆனால், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட சோதனையில், அவற்றுள் ஒன்றான பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாக 18 சதவீதம் மிகுந்திருந்தது. மாத்திரைப் புட்டியை நம்பிக் காசைக் கரைக்கும் ஏழைக் குடும்பங்களை எண்ணும்போது, இச்செய்தியை உரத்துச் சொல்லத் தோன்றுகிறது.

காய்கனி, தானியங்களின் காரியம் வேறு விதமானது. வெங்காயத்தின் செந்தோலிலும் சோளத்தின் மேலுமியிலும் உள்ள பாலிபீனால்கள் இரத்தத்தில் சேர்வது சொற்பமே. ஆயினும், அச்சொற்பமே உயிரணுவை இலேசாக உறுத்தி, அதன் சொந்தக் காப்பு நொதிகளை விழிப்புறச் செய்கிறதென்று ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். சீனத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், அநேகமாக நாள்தோறும் காரம் உண்டவர்களிடையே மரணம் 14 சதவீதம் குறைந்திருந்தது; அது மிளகாயின் பயன்தானா, அவர்கள் வாழ்க்கை முறையின் பயனா என்பதை இவ்வகை ஆய்வு அறுதியிட்டுக் கூறாது.

களத்து வெயிலில் காயும் மிளகாயின் வைட்டமின் சி பெரும்பகுதி அழிந்துபோகிறது. எஞ்சுவது செந்நிறம் தரும் கேப்சாந்தின். வெளிச்சத்தில் கிடந்து நாளடைவில் அதுவும் ஆக்ஸிஜனேற்றம் அடைவதால்தான் பழைய வற்றல் வெளுக்கிறது. அம்மியில் அரைத்த வற்றல் விழுதின்மேல் நல்லெண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்தால், எண்ணெயின் விளிம்பு மெல்லச் சிவந்து வரும். கொழுப்பில் கரைந்தால்தான் அந்நிறம் குடலைத் தாண்டி உடலில் சேரும். வைட்டமின் சி வேண்டுவோருக்கோ, கம்மங்கூழோடு கடித்துக்கொள்ளும் பச்சை மிளகாய் இருக்கிறது.