உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரி மாகாணத்துக்கு, மருந்து கொழும்பிலிருந்து

● நிலாவெளி, ஈச்சிலம்பற்று போன்ற ஊர்களில் உள்ள பிரதேச வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பு கிழக்கு மாகாணம்தான். 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊர் வைத்தியசாலைகள், தாய் சேய் நலம், போசாக்கு, உணவுச் சுகாதாரம் எல்லாவற்றையும் மாகாணப் பட்டியலில் சேர்த்தது. போதனா வைத்தியசாலைகள் மத்திய அரசாங்கத்துக்கு. எந்தத் துறையானாலும் தேசியக் கொள்கை வகுப்பதும் மத்திதான். ஆகவே கொழும்பில் தீர்மானமாகும் சுகாதாரச் சீர்திருத்தத்தைத் திருகோணமலையில் நடத்திக் காட்ட வேண்டியவர்கள் பெரும்பாலும் மாகாணத்து ஊழியர்கள்.

● அதே பட்டியலில் ஒரு விலக்கும் இருக்கிறது. வைத்தியசாலைக்கு வேண்டிய வசதிகளை மாகாணம் செய்து கொடுக்கலாம், மருந்துக் கொள்வனவைத் தவிர! மருந்து கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து வந்து சேர வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் நாடே தவித்தபோது, கிளினிக் கொப்பியோடு வந்தவர்களுக்கு வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுக்கும் நிலை வந்தது. சனம் கோபத்தைக் கண்முன் நின்ற மருந்தாளரிடம்தான் காட்ட முடிந்தது. இந்த விலக்கைத் திரும்ப யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

● தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அங்கே 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. வாங்குவது மாநிலமே.

● வைத்தியர்கள் அகில இலங்கைச் சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களின் இடமாற்றப் பட்டியல் சுகாதார அமைச்சில் தயாராகிறது. அதில் ஒரு பெயர் விடுபட்டால் தூரத்து ஊர் வைத்தியசாலை ஒன்று வைத்தியர் இல்லாமல் நிற்கும்.

● தடுப்பூசிக் குப்பிகள் பலவற்றின் மேல் ஒரு சிறு வட்டமும் அதற்குள் வெளிறிய சதுரமும் இருக்கும். சூடு படப்பட அந்தச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தை ஏற்றக் கூடாது. பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை குளிரில் இருக்க வேண்டிய மருந்து இது. திருகோணமலை வெயிலில் குளிர்பெட்டியைச் சுமந்துகொண்டு கிளினிக்குக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் அந்தச் சதுரத்தைப் பார்க்காமல் ஊசி எடுப்பதில்லை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் கடைசி மைல் அவருடைய கையில்.

● கிழக்கு மாகாணத்தில் மாவட்டம் மூன்று. பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையோ நான்கு: திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனை.

● 2018இல் வந்த இலங்கையின் சுகாதாரக் கொள்கை, ஒரு பெரிய வைத்தியசாலையையும் அதைச் சுற்றியுள்ள சிறியவற்றையும் ஒரே கொத்தாக இணைக்கச் சொல்கிறது. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் நகரத்துக்கு ஓடாமல் ஊரிலேயே வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆரம்ப சுகாதாரத்தைப் பலப்படுத்த அதே ஆண்டு உலக வங்கி 20 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. நல்ல திட்டம். ஆனால் ஊர் வைத்தியசாலையில் மருந்தும் வைத்தியரும் இல்லாவிட்டால் யார் அங்கே போவார்கள்?

● கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. மாகாண சபைத் தொகுதிகளின் எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் தோற்கடித்த பின் தேர்தல் இழுபட்டுப் போனது. சபை இல்லாத காலத்தில் மாகாண நிர்வாகம் ஆளுநரின் கையில். மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்க மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ ஓர் உறுப்பினர் இல்லை. சனம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்தவர்கள் அந்தக் கதிரைகளில் இருந்தே ஆக வேண்டும்.

● சுகாதாரப் பணியைப் பொறுப்பெடுத்து நடத்த மாகாணத்தால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: மலேரியா தடுப்பு வேலை 1989 முதல் மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கொழும்பு வழிகாட்டியது, இரத்தம் எடுத்துச் சோதித்ததும் வீடு வீடாக மருந்தடித்ததும் பிராந்திய ஊழியர்கள், போர்க்காலத்திலும்கூட. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.