லேப்டாப்புக்கு கூடுதல் வாரண்டி தேவையா? பணம் கட்டும் முன் பின்கோடு சொல்லி கேளுங்க!

மீன்சுருட்டி:

பிளஸ்-2 முடித்து கல்லூரிக்கு போகிற பிள்ளைக்கு லேப்டாப் வேணும். முந்திரி விற்ற காசு, நகைக்கடன் என்று புரட்டிக்கொண்டு கடைக்குப் போனால் பில் போடும்போது ஒரு கேள்வி வருகிறது. "எக்ஸ்டென்டட் வாரண்டி போட்டுரலாமா?" அதற்கு தனியாக சில ஆயிரம் ரூபாய். என்ன ஏதென்று தெரியாமலே பலர் தலையாட்டி விடுகிறார்கள்.

மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் லேப்டாப் புதுசு இல்லை. 2011 செப்டம்பர் 15-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா லேப்டாப் திட்டத்தை தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். வாரண்டி முடிந்து பேட்டரி போனபோதுதான் சங்கடம். செலவழிக்க மனசில்லாமல் பரணில் ஏற்றிய வீடுகள் உண்டு. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் என 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அரசு கொடுத்ததோ, காசு கொடுத்து வாங்கியதோ, பழுதாகும் விதம் ஒன்றுதான்.

லேப்டாப் எவ்வளவு அடிக்கடி பழுதாகும்? அமெரிக்காவில் ஸ்கொயர்டிரேட் என்ற நிறுவனம் 30 ஆயிரம் லேப்டாப்புகளை வைத்து 2009-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 3 வருஷத்துக்குள் 100-க்கு 31 பழுதாகும் என்றது. அதில் சுமார் 20 மெஷின் கோளாறு. மீதி 11 கீழே போட்டது, தண்ணீர் கொட்டியது மாதிரி விபத்து. கணக்கு சொன்ன நிறுவனமே வாரண்டி விற்கிற நிறுவனம் என்பதையும் மறக்கக்கூடாது! அவங்க கணக்குப்படியே பார்த்தாலும் 100-க்கு 69 பேருக்கு கட்டின பணம் திரும்பாது.

சாதாரண கூடுதல் வாரண்டி மெஷின் கோளாறுக்கு மட்டும்தான். டீ கொட்டினால், பஸ்சில் விழுந்து ஸ்கிரீன் உடைந்தால் கிடைக்காது. அதற்கு விபத்து பாதுகாப்பு என்று தனித் திட்டம் இருக்கிறது. ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைக்கு அதுதான் உபயோகம். கரண்ட் ஏறி இறங்கி மதர்போர்டு எரிந்து போனாலும் பெரும்பாலும் கையை விரித்து விடுவார்கள். பேட்டரிக்கு பல கம்பெனிகள் 1 வருஷம்தான் தருகின்றன, லேப்டாப்புக்கு 3 வருஷம் போட்டிருந்தாலும். பேட்டரி தேய்வது இயற்கை. உப்பிப் போனால் மட்டும் சார்ஜ் போடாமல் உடனே கழற்றச் சொல்லுங்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உள்ளே இருக்கும் போட்டோ, பாடம் எதற்கும் எந்த வாரண்டியும் பொறுப்பு இல்லை. பென்டிரைவில் ஒரு காப்பி வைத்துக்கொள்வது நல்லது.

நம்ம ஊருக்கு இன்னொரு விஷயம் முக்கியம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்றுதான் அலைய வேண்டும். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள். பஸ் காசோடு இரண்டு நாள் கூலியும் போச்சு. வீட்டுக்கே வந்து சரி செய்யும் திட்டமா, நாமே தூக்கிக்கொண்டு போகணுமா என்று முதலில் கேளுங்கள். "வருவோம்" என்று சொன்னால் மீன்சுருட்டி பின்கோடுக்கு வருவார்களா என்று கம்பெனி நம்பரிலேயே கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

வாரண்டி தருவது லேப்டாப் கம்பெனியா, கடையா, இன்சூரன்ஸ் நிறுவனமா என்பதும் முக்கியம். வேறு நிறுவனம் என்றால் தேய்மானம் என்று ஒரு தொகையை கழிப்பது உண்டு. கடையில் அன்றைக்கே கட்டியாக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. முதல் வாரண்டி முடிவதற்குள் நீட்டிக்கலாம் என்று பல கம்பெனிகள் விடுகின்றன. லேப்டாப் அடியில் உள்ள சீரியல் நம்பரை கம்பெனி வெப்சைட்டில் போட்டால் எத்தனை நாள் பாக்கி என்று காட்டிவிடும். விலை குறைந்த லேப்டாப்புக்கு அதன் விலையில் 4-ல் ஒரு பங்கை வாரண்டிக்கு கொடுப்பதை விட, அந்தக் காசை எடுத்து வைத்தால் புது பேட்டரிக்கு ஆகும்.

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, சென்னையில் வாங்கி இருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்கு கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஒரிஜினல் பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் சென்டரில் கொடுத்த சீட்டு மூன்றும் கையில் இருக்கணும். பில் எழுத்து நாளடைவில் அழிந்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.