இறக்குவானை மலையில் தவளை தேடியவர்கள்

தவளை என்றால் குளம், முட்டை, வாற்பேத்தை என்றுதான் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இலங்கையின் இறக்குவானை மலைகளில் வாழும் புதர்த் தவளைகள் அப்படியல்ல. அவற்றில் பல இனங்கள் ஈரமண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். ஓரிரு இனங்கள் இலையின் அடியில் ஒட்டிவைக்கும். வாற்பேத்தைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். தண்ணீர் தேங்க வேண்டியதில்லை, ஆனால் ஈரம் காயக் கூடாது. மேலே நிற்கும் மரத்தை வெட்டினால் முட்டையும் காய்ந்துபோகும்.

இலங்கையில் இந்த வகைத் தவளைகள் நூறு இனங்களுக்கு மேல் இருக்கலாம் என்று 2002 ஒக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழ் வெளியிட்ட கட்டுரை உலகுக்குச் சொன்னது. அதுவரை அறியப்பட்டவற்றைவிட இது பல மடங்கு அதிகம். கட்டுரையின் முதல் ஆசிரியர் மாதவ மீகஸ்கும்புர, அப்போது பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவர். ரொஹான் பெத்தியாகொட முதலான ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் காடுகளில் அலைந்து சேர்த்த மாதிரிகளும் அதற்கு அடிப்படையாயின.

வேலை இரவில்தான். மழை விட்டதும் டோர்ச் லைட்டோடு, காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிட்டு, ஆண் தவளையின் சத்தம் வரும் புதரை நோக்கிப் போக வேண்டும். பிறகு மரபணுச் சோதனை, பழைய அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பீடு. ஒரே வகை உயிரினத்தின் பின்னால் பல ஆண்டு அலைய வேண்டும். 2005இல் மீகஸ்கும்புர சக ஆய்வாளர் ஒருவருடன் எட்டுப் புதிய இனங்களை விவரித்தார். பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, தானும் ஆய்வு மாணவர்களை வழிநடத்தினார்.

அருங்காட்சியக மாதிரிகளோடு செய்த அந்த ஒப்பீடு கசப்பான செய்தியையும் தந்தது. உலகில் அற்றுப்போனதாகப் பட்டியலிடப்பட்ட நீர்நில வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ பாதி இலங்கையுடையவை.

இறக்குவானை மலைகளில், சிங்கராஜ வனத்தின் கிழக்கோரத்தில் உள்ள மோர்னிங்சைட் இத்தவளைகளின் முக்கியமான புகலிடம். ஏலச் செய்கை நடந்த காடு அது. சுற்றுவட்டாரத்தில் தேயிலை மலைகள். அங்குள்ள லயங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தத் தவளைகளின் சத்தம் பழக்கமானது. ஆனால் அவற்றைப் பற்றிப் படிக்க விரும்பினாலும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை வெகு சிலவே. பெலிஹுலோயாவில் 1995இல் தொடங்கிய சப்ரகமுவ பல்கலைக்கழகம் இரத்தினபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து களத்துக்கு வரும் ஆய்வு மாணவர்கள் தோட்டத்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகட்டும். கல்வித் திணைக்களம் அந்தப் பாடசாலைகளுக்கு உயிரியல் ஆசிரியர்களை அனுப்பட்டும்.