பின்நாக்கில் பிறக்கும் நாற்றம்

நீங்காத வாய் நாற்றத்துக்கு வயிறே காரணம் என்னும் நம்பிக்கை மக்களிடையே ஆழ வேரூன்றியிருப்பதால், அதனால் அவதிப்படுவோரில் பலர் முதலில் செரிமான மருந்தையும் பேதி மருந்தையும் நாடி, அவை பயன் தராதபோது இரைப்பைக்குள் குழாய் விட்டும் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாகவே பல் மருத்துவரிடம் வந்து சேர்கின்றனர். இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஏனெனில் நாள்பட்ட வாய் நாற்றத்தில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு வரை வாய்க்குள்ளேயே உண்டாவதாகப் பல் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் தவிர மற்ற வேளைகளில் உணவுக்குழாயின் மேல்வாய் இறுக மூடியே இருப்பதால், வயிற்றிலுள்ள வாயு ஓயாமல் மேலேறி மூச்சோடு கலப்பதற்கு வழியில்லை. அமிலம் எதுக்களித்து வரும் நோயும், உணவுக்குழாயில் பை போன்ற புடைப்பு உண்டாகி அதில் உணவு தங்கிப் புளிக்கும் அரிய கோளாறும் இதற்கு விதிவிலக்கானவை. ஆனால் விதிவிலக்கையே விதியாகக் கொண்டு மருந்து உண்பதால்தான் பணமும் காலமும் வீணாகின்றன.

நாற்றத்தின் வேதியியலைத் தெளிவாக்கியவர்களுள் முதன்மையானவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் டான்செட்டிச் ஆவார். வாயுக் கலவையைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்துக் காட்டும் கருவியைக் கொண்டு, வாய்க்குள் உள்ள காற்றை 1960, 1970களில் ஆராய்ந்த அவர், கெட்ட நெடிக்குப் பெரிதும் காரணமாக இருப்பவை எளிதில் ஆவியாகும் கந்தகச் சேர்மங்களே என்று காட்டினார். அவற்றுள் ஒன்று அழுகிய முட்டையின் வாடை கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு. மற்றொன்று அழுகிய முட்டைக்கோஸை ஒத்த வாடையுடைய மெத்தில் மெர்காப்டன். உணவுத் துணுக்கு, நாள்தோறும் உரிந்து விழும் வாயின் உட்தோல் செல்கள், மூக்கிலிருந்து தொண்டை வழியே இறங்கும் சளி, ஈற்றிலிருந்து கசியும் குருதி ஆகிய எல்லாவற்றிலும் புரதம் உண்டு. காற்றுப் படாத இடத்தில் மட்டுமே செழிக்கும் ஒருவகை பாக்டீரியாக்கள், அதாவது ஆக்சிஜன் இருந்தால் வளர முடியாத நுண்ணுயிரிகள், இந்தப் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்து, அவற்றுள் கந்தகம் கொண்ட சிஸ்டைனிலிருந்து முதல் வாயுவையும் மெத்தியோனினிலிருந்து இரண்டாவது வாயுவையும் உண்டாக்குகின்றன. ஆகவே வாய் நாற்றம் என்பது, அடிப்படையில், காற்றில்லாத மூலையில் நடக்கும் புரதச் சிதைவே. அந்த மூலை எங்கே இருக்கிறது என்று கண்டறிவதிலேயே சிகிச்சையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

பெரும்பாலும் அது பின்நாக்கில்தான் இருக்கிறது. நாக்கின் மேற்பரப்பு ஜமுக்காளம் போல எண்ணற்ற நுண்ணிய இழைகளால் ஆனது. தொண்டையை நோக்கிச் செல்லச் செல்ல அதில் பள்ளங்களும் பிளவுகளும் மிகுதியாகின்றன. பேசும்போதும் மெல்லும்போதும் அண்ணத்தோடும் பற்களோடும் உராய்ந்து முன்நாக்கு தானாகவே சுத்தமாகிவிட, பின்நாக்குக்கு அந்த வாய்ப்புக் குறைவு. அதோடு மூக்கின் பின்புறத்திலிருந்து வழியும் சளியும் அங்கேயே வந்து தங்குகிறது. வெண்மையாகவோ மஞ்சளாகவோ அங்கே படியும் மாவு போன்ற படலத்தை ஒரு சிறு கரண்டியின் விளிம்பால் மெல்ல வழித்தெடுத்து, சில நொடிகள் உலரவிட்டு முகர்ந்து பார்த்தால், அந்த வாய்க்குரிய நெடி எத்தகையது என்பது ஓரளவு புலப்பட்டுவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு தேவையும் உண்டு. மூக்கு தனக்குப் பழகிய வாடையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் இயல்புடையதாகையால், உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்க்கும் வழக்கமான முறை நம்பத்தக்கதன்று.

உமிழ்நீரின் பங்கைப் பலரும் அறிந்திருப்பதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர், வாயைக் கழுவிக்கொண்டே இருப்பதோடு, தன்னில் கரைந்துள்ள ஆக்சிஜனாலும் நோயெதிர்ப்புப் பொருள்களாலும் மேற்சொன்ன நுண்ணுயிரிகளைக் கட்டுக்குள் வைக்கிறது. உறக்கத்தில் அதன் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுவதால்தான் காலையில் எழுந்ததும் எல்லோருடைய வாயும் நாறுகிறது. அது நோயன்று, பல் துலக்கிக் காலை உணவு உண்டதும் அது மறைந்துவிடும். விரத நாளில் மாலைவரை எதுவும் மெல்லாமல் இருப்போரிடமும், வாயைத் திறந்து குறட்டை விடுவோரிடமும், நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் பேசவேண்டிய ஆசிரியர், வழக்கறிஞர் போன்றோரிடமும் அதே வறட்சியே காரணமாகிறது. முதியோரிடம் வாய் நாற்றம் மிகுந்து காணப்படுவதற்கு முதுமையை மட்டும் குறை கூறுவது முறையன்று. ஒவ்வாமை மாத்திரை, மனச்சோர்வு மருந்து, இரத்த அழுத்த மருந்துகளில் சில எனப் பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கக்கூடியவை. அத்தகைய மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், மாற்று மருந்து உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரையே கேட்பது நல்லது.

நாக்குக்கு அடுத்த இடம் ஈறுக்கு உரியது. பல்லில் படியும் மெல்லிய நுண்ணுயிர்ப் படலம் துலக்கப்படாமல் தங்கினால், உமிழ்நீரிலுள்ள கால்சியம் சேர்ந்து காரையாக இறுகிவிடுகிறது. காரையை ஒட்டி ஈறு வீங்கி, பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே பை போன்ற ஓர் இடைவெளி உண்டாகிறது. நலமான ஈற்றில் இதன் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கும். நோய் முற்றும்போது இருமடங்குக்கும் மேலாகிவிடுவது உண்டு. பல் துலக்கியின் குச்சம் எட்டாத, காற்றும் புகாத அந்தப் பையில் குருதியும் சீழும் கசிவதால், மெத்தில் மெர்காப்டனின் அளவு ஈறு நோயாளிகளிடம் குறிப்பாக மிகுதியாகக் காணப்படுகிறது. துலக்கும்போது இரத்தம் வருவதைக் கண்டு அஞ்சித் துலக்குவதையே குறைத்துக்கொள்வோர் நோயை மேலும் வளர்க்கின்றனர். காரையை நீக்கும் ஸ்கேலிங் சிகிச்சையால் பல் ஆட்டம் காணும் என்னும் அச்சமும் நம்மிடையே வலுவாக இருக்கிறது. உண்மையில், எலும்பு கரைந்து முன்பே ஆடத் தொடங்கிய பற்களைக் காரை ஒட்டுப்போட்டது போலப் பிடித்திருக்க, அது நீங்கியதும் மறைந்திருந்த இடுக்கும் ஆட்டமும் வெளிப்படுகின்றன என்பதே அதன் விளக்கம்.

உணவு அடைத்துக்கொள்ளும் சொத்தைக் குழி, சரியாகப் பொருந்தாத கேப், இரவிலும் கழற்றாமல் போட்டிருக்கும் பல் செட், பாதி முளைத்த கடைவாய்ப் பல்லை மூடியிருக்கும் சதை மடிப்பு ஆகியவையும் காரணமாகலாம். புகையிலை வாயை வறளச் செய்து ஈறு நோயைத் தூண்டுவதோடு தன் வாடையையும் சேர்க்கிறது; புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கமுடையோரிடம் இரண்டு மூன்று வாரங்கள் கடந்தும் ஆறாத புண்ணோடு நாற்றம் வந்தால், புற்றுநோய்க்கான சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

வாய்க்கு வெளியே என்று பார்த்தால் மூக்கும் தொண்டையும் முதலில் வருகின்றன. அடிநாக்குச் சதை எனப்படும் டான்சிலின் குழிகளில் கழிவு திரண்டு சிறு வெண்கற்களாவது உண்டு. இருமும்போது வெளிவந்து விழும் அவற்றை நசுக்கினால் கடும் வீச்சம் அடிக்கும். சிறு குழந்தையின் ஒரு பக்க மூக்கில் மட்டும் கெட்ட நீர் வடிந்து நாற்றமும் இருந்தால், பட்டாணியோ பஞ்சோ உள்ளே சிக்கியிருக்கக்கூடும் என்று மருத்துவர் ஐயுறுவார். நுரையீரலில் சீழ் கட்டுவதும், மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்குவதும் மூச்சையே நாறச் செய்பவை.

இரத்தத்தின் வழியே வரும் நாற்றம் இவற்றிலிருந்து வேறுபட்டது. பூண்டு உண்டவர் எத்தனை முறை பல் துலக்கினாலும் வாடை போகாததற்குக் காரணம், பூண்டிலிருந்து பிறக்கும் அல்லைல் மெத்தில் சல்பைடு என்னும் சேர்மம் குடலிலும் கல்லீரலிலும் சிதையாமல் இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து மூச்சோடு வெளியேறுவதே. கட்டுமீறிய நீரிழிவில் பழம் கனிந்தது போன்ற அசிட்டோன் வாடையும், சிறுநீரகம் செயலிழக்கும்போது அம்மோனியா நெடியும், கல்லீரல் பழுதுறும்போது ஒருவகை இனிப்புக் கலந்த புழுங்கிய வாடையும் வருவது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஆயினும் இவை முற்றிய நோயின் அடையாளங்களாதலால், வாய் நாற்றம் ஒன்றை மட்டும் கொண்டு சிறுநீரகத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. மிக அரிதாகப் பிறவிக் குறையும் காரணமாகிறது: எஃப்எம்ஓ3 என்னும் மரபணுவில் கோளாறு உள்ளோரிடம் மீன் வாடை அடிக்கும், மெத்தில் மெர்காப்டனைச் சிதைக்கும் நொதி குறைந்தோரிடம் முட்டைக்கோஸ் வாடை அடிப்பதற்கு மற்றொரு மரபணுவின் பிழை காரணம் என்பது 2018இல் வெளிப்பட்டது.

வாயில் பிறக்கும் நாற்றத்தையும் வாய்க்கு வெளியே பிறக்கும் நாற்றத்தையும் பிரித்தறிய எளிய முறை ஒன்று உண்டு. உதடுகளை மூடி மூக்கால் விடும் மூச்சையும், மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் விடும் மூச்சையும் வேறொருவர் முகர்ந்து ஒப்பிட வேண்டும்: வாயில் மட்டும் நாறினால் குறை வாயில், மூக்கில் மட்டும் நாறினால் மூக்கிலோ சைனஸ் அறைகளிலோ, இரண்டிலும் ஒரே அளவில் நாறினால் நுரையீரலிலோ இரத்தத்திலோ தேட வேண்டும். கந்தக வாயுக்களை அளக்கும் கருவிகள் இருந்தபோதிலும், பயிற்சி பெற்ற மருத்துவர் தம் மூக்கால் முகர்ந்து 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவதே இன்றும் தலையாய அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இச்சோதனைக்குச் செல்பவர் முந்தைய இரண்டு நாள்களில் பூண்டு, வெங்காயம், மசாலா ஆகியவற்றைத் தவிர்ப்பதும், அன்று காலை காபி, மவுத்வாஷ், வாசனைத் திரவியம் ஆகியவற்றை விலக்குவதும் வழக்கம்.

சிகிச்சையில் மணமூட்டுவதற்கு இடம் மிகக் குறைவு. படிந்ததை அகற்றுவதே முதற்பணி. நாக்கு வழிக்கும் வழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. பொன், வெள்ளி, செம்பு போன்ற உலோகங்களால் நாக்கு வழிப்பான் செய்துகொள்ளுமாறு சரக சம்கிதையே கூறுகிறது. எனினும் பெரும்பாலோர் குமட்டலுக்கு அஞ்சி முன்பாதியை மட்டும் வழித்துவிட்டு, வழிக்க வேண்டிய பின்பாதியை விட்டுவிடுகின்றனர். நாக்கை ஒரு துணியால் பிடித்து வெளியே நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, வழிப்பானைக் கூடியமட்டும் பின்னே வைத்து மெல்ல முன்னோக்கி இழுத்தால் குமட்டல் குறையும். படலம் வராதபோது நிறுத்திவிட வேண்டும், இரத்தம் கசியும்வரை சுரண்டக் கூடாது. உறங்கும்போதுதான் நுண்ணுயிரிகள் பெருகுகின்றன என்பதால் இரவு வழிப்பது காலையில் வழிப்பதைக் காட்டிலும் இன்றியமையாதது. பல் இடுக்குகளுக்கு ஃபிளாஸ் நூலோ இடுக்குத் தூரிகையோ வேண்டும். ஈற்றில் பை விழுந்திருந்தால் ஸ்கேலிங்கும் அதற்குமேல் வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்யும் சிகிச்சையும் செய்யாமல் எந்தத் துலக்கலும் முழுப்பயன் தராது.

வாய் கொப்பளிக்கும் திரவங்கள் துணை மருந்துகளே. குளோர்ஹெக்சிடின் நுண்ணுயிரிகளை வலுவாக ஒடுக்கினாலும், தொடர்ந்து பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படிவதாலும் சுவையுணர்வு மாறுவதாலும் பொதுவாகச் சில வாரங்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கப்படுகிறது. துத்தநாக உப்புகள் கந்தகத்தோடு நேரடியாகப் பிணைந்து அதை ஆவியாகாத பொருளாக மாற்றிவிடுவதால், அவை கலந்த திரவம் நாற்றத்துக்கு நேர் மருந்தாக அமைகிறது. 1879இல் அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சைக்கான கிருமிநாசினியாகப் பிறந்த லிஸ்டரின், 1920களில் வாய் நாற்றத்தால் திருமணம் தடைப்படும் என்று அச்சுறுத்தும் விளம்பரங்களாலேயே வீட்டுக்கு வீடு புகுந்தது. அந்த விளம்பர உத்திக்கு வயது நூறாகியும் ஓய்வு கிடைக்கவில்லை. நல்லெண்ணெய் கொப்பளிப்பது சில சிறு ஆய்வுகளில் பயன் காட்டியுள்ளதெனினும், பெரிய அளவிலான சான்று இன்னும் இல்லை. ஏலக்காயும் கிராம்பும் வாடையைச் சற்றுநேரம் மறைப்பவை. ஆனால் எதை மென்றாலும் உமிழ்நீர் சுரக்கும் என்பதால், வாய் வறண்டோருக்குச் சர்க்கரையில்லாச் சூயிங்கமும் அடிக்கடி பருகும் தண்ணீரும் உண்மையிலேயே உதவுகின்றன.

சிகிச்சை தேடி வருவோரில் ஒரு பகுதியினருக்கு எவ்வளவு முகர்ந்தாலும், எந்தக் கருவியால் அளந்தாலும் நாற்றம் இருப்பதில்லை. எதிரே இருப்பவர் மூக்கைத் தொட்டாலும், சன்னலைத் திறந்தாலும், சற்று விலகி உட்கார்ந்தாலும் அது தம் வாய் நாற்றத்தால்தான் என்று இவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர். இவர்களுள் அளந்த மதிப்பைக் காட்டி விளக்கியதும் தெளிவடைவோர் ஒருவகை. அதன் பின்னும் நம்ப மறுத்து, நாளுக்குப் பத்து முறை துலக்கி, வேலையையும் உறவையும் விட்டு ஒதுங்குவோர் மற்றொரு வகை. பின்னவருக்கு மீண்டும் மீண்டும் ஸ்கேலிங் செய்வதும் ஆன்டிபயாடிக் கொடுப்பதும் அவர்கள் நம்பிக்கையை உறுதிப்படுத்தவே செய்யும். மனநல மருத்துவர் அளிக்கும் மனச்சோர்வு மருந்தும் எண்ணப்போக்கை மாற்றும் பேச்சு சிகிச்சையுமே அவர்களுக்குப் பலனளிக்கக் கூடியவை என்பதால், இல்லாத நாற்றத்துக்கு மருந்து எழுதாமல் அவர்களை அங்கே அனுப்பிவைக்க வேண்டியது பல் மருத்துவரின் பொறுப்பாகிறது.