32 அடிக்குள் ஒரு கிடங்கு

இடப் பற்றாக்குறை என்றால் என்ன என்று வணிகப் பெருமக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்துக்குப் பதினைந்து அடிக் கடையில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் சோப்புப் பெட்டியும் அடுக்கி, நடுவில் தராசையும் கல்லாவையும் வைத்து, மிச்சமுள்ள இடத்தில் நின்றுகொண்டு வியாபாரம் செய்கிறோம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கினால் வாடிக்கையாளர் நிற்கும் இடமும் போய்விடுகிறது. "இன்னும் ஒரு பரண் போட்டால் சரியாகிவிடும்" என்பதே நம்மில் பலரின் எண்ணம்.

இதே சிக்கலை நம்மைவிட நெருக்கடியான இடத்தில் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். மேலை நாடுகளில் 30 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகை மலிவாக வாங்கி, அதைச் செப்பனிட்டு, அதிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு கடல் கடந்து செல்பவர்கள்தாம் அவர்கள். நடுக்கடலில் கடை கிடையாது. கரையிலேயே ஏற்றிக்கொண்டதுதான் கைச்சரக்கு. அவர்கள் படகுக்குள் இடம் உண்டாக்கும் முறையில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உள்ளன.

மும்பையில் பிறந்த படகு

இவ்வகைப் படகுகளில் உலகப் புகழ் பெற்ற ஒன்று நம் நாட்டில் கட்டப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 'சுஹைலி' என்பது அதன் பெயர். மும்பையில் நம் தச்சர்கள் தேக்கு மரத்தால் கட்டிய இப்படகு 1964-இல் கடலில் இறக்கப்பட்டது. நீளம் சுமார் 32 அடி. இதன் உரிமையாளர், வணிகக் கப்பல் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன்.

1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்ட அவர், எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். மொத்தம் 312 நாட்கள். அந்தப் போட்டியில் புறப்பட்டவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் இவர் ஒருவரே. வழியில் யாரிடமும் பொருள் வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே பத்து மாதத்துக்கான உணவு, குடிநீர், எரிபொருள், கயிறு, பாய்த்துணி, கருவிகள் அத்தனையும் அந்த 32 அடிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

பயணத்தின் முதல் பாதியிலேயே தொட்டிகளில் இருந்த குடிநீர் கெட்டுப்போனது. பாயில் வழிந்த மழைநீரைப் பிடித்துச் சேர்த்து அவர் பயணத்தைத் தொடர்ந்தார். தொட்டியில் இடம் இருந்தது, நீரும் இருந்தது. ஆனால் குடிக்க உதவவில்லை. கிடங்கு நிறைந்திருப்பது வேறு, சரக்கு பயன்படும் நிலையில் இருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எங்கே இடம் கிடைக்கும்?

பழைய படகு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கனடாவில் 1960-களிலிருந்து 1980-கள் வரை கட்டப்பட்ட 'ஆல்பர்க் 30' என்ற பைபர் படகை எடுத்துக்கொள்வோம். நீளம் 30 அடி என்றாலும், நீரைத் தொடும் நீளம் 22 அடிக்கும் குறைவு. அகலம் 8 அடி 9 அங்குலம். எடை சுமார் 4 டன். இதற்குள் முன்புறம் முக்கோணப் படுக்கை, கழிப்பறை, துணி மாட்டும் அலமாரி, இருபுறமும் நீள இருக்கைகள், சமையல் மேடை, இயந்திரம் எல்லாம் அடங்க வேண்டும்.

இதில் புதிதாக இடம் தேடுகிறவர்கள் முதலில் கை வைப்பது துணி அலமாரியில். அலை ஆட்டத்தில் ஈரக் கோட்டுகள் உரசிக்கொண்டு தொங்கும் அந்த உயரமான அலமாரியில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான். அதில் நான்கு தட்டுகள் குறுக்கே போட்டால் மளிகை அலமாரி தயார்.

அடுத்தது இருக்கைகளின் அடிப்பகுதி. பல பழைய படகுகளில் அது தடுப்பே இல்லாத ஒரே பெரிய குழி. எதைப் போட்டாலும் உருண்டு அடிக்குப் போய்விடும். அதை மூன்று நான்கு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தூக்கி எடுக்கும் மூடி போடுகிறார்கள். படகின் உட்சுவர் குளிர்ந்து வியர்க்கும் என்பதால், பொருள் நேரே சுவரில் படாதபடி இடைவெளி விட்டு மரச் சட்டங்கள் அடிக்கிறார்கள். நெல் மூட்டைக்கு அடியில் கட்டை போடுகிறோமே, அதே காரணம்தான்.

மூன்றாவது, சாய்மானப் பலகைக்குப் பின்புறம். அங்கே படகின் வளைவுக்கும் பலகைக்கும் இடையே ஒரு சாண் அகலத்துக்கு வீணாகும் இடம் உண்டு. அதில் புத்தகமும் மசாலா டப்பாக்களும் அடங்கும். எந்தத் தட்டாக இருந்தாலும் விளிம்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புச் சட்டம் கட்டாயம். இல்லாவிட்டால் படகு சாயும்போது சரக்கு முழுவதும் தரைக்கு வந்துவிடும்.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் கூரையை ஒட்டித் தொங்கும் வலைத் தூளியில் போகின்றன. காற்றோட்டம் இருப்பதால் சீக்கிரம் அழுகுவதில்லை. இழுப்பறையை அனுபவசாலிகள் அதிகம் விரும்புவதில்லை. அதன் பக்கப் பலகைகளும் சட்டங்களுமே கணிசமான இடத்தைத் தின்றுவிடும். போட்டாலும், சற்றுத் தூக்கிய பிறகே இழுக்க வரும்படி அடியில் வெட்டு வைக்கிறார்கள். படகு சாய்ந்தாலும் தானாகத் திறக்காது.

இடம் அல்ல, எடை

இங்கேதான் முக்கியமான செய்தி வருகிறது. படகில் உண்மையில் பற்றாக்குறையானது இடம் அல்ல; எடை தாங்கும் திறன். மேலே சொன்ன அளவுள்ள படகில் சுமார் 250 முதல் 300 கிலோ கூடுதலாக ஏற்றினால், அது நீரில் ஓர் அங்குலம் தாழும். இருவர் ஒரு மாதம் பயணம் செய்ய, ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், குடிநீர் மட்டுமே 240 லிட்டர், அதாவது 240 கிலோ. ஓர் அங்குலத்தைத் தண்ணீரே எடுத்துக்கொண்டது! அதன்பின் உணவு, எரிபொருள், நங்கூரச் சங்கிலி, கருவிகள் என்று வரிசையாக நிற்கின்றன. தாழ்ந்த படகு மெதுவாகப் போகும். அலை எளிதாக மேல்தளத்தில் ஏறும்.

எவ்வளவு எடை என்பதோடு எங்கே எடை என்பதும் கேள்வி. கனமானவை அடியிலும் நடுவிலும் இருக்க வேண்டும். அணியம் எனப்படும் முன்பகுதியில் காலியிடம் இருக்கிறதே என்று டின்களை அடுக்கினால், படகு ஒவ்வோர் அலையிலும் மூக்கைக் குத்தும். ஒரே பக்கம் ஏற்றினால், பாரம் சரிந்த மாட்டு வண்டிபோல் எப்போதும் சாய்ந்தே ஓடும். ஆகையால் துணி, படுக்கை, காகிதச் சுருள் போன்ற இலேசான பொருள்கள் முனைக்கு. டின்னும் தண்ணீரும் நடுவுக்கு.

புதிய தட்டு ஒன்று போட்டால் ஒரு மாதத்துக்குள் அது நிரம்பிவிடும். இது படகுக்காரர்கள் நன்கறிந்த உண்மை. அதனால் அவர்களில் விவரமானவர்கள், மரம் வாங்கும் முன் படகில் உள்ள எல்லாவற்றையும் கரையில் இறக்கிப் பார்க்கிறார்கள். ஓராண்டாகத் தொடாத பொருள் மீண்டும் படகில் ஏறுவதில்லை. செலவில்லாமல் கிடைக்கும் இடம் அதுவே.

தொடக் கூடாத இடங்கள்

பழைய படகில் வேலை செய்யும்போது சில எச்சரிக்கைகள் உண்டு. குறுக்குத் தடுப்புப் பலகைகள் வெறும் மறைப்பு அல்ல. பாய்மரத்தின் அழுத்தத்தைத் தாங்கிப் படகின் வடிவத்தைக் காப்பவை பெரும்பாலும் அவையே. வழி வேண்டும், அலமாரி வேண்டும் என்று அவற்றை அறுக்கக் கூடாது. கடல் நீர் உள்ளே வரும் குழாய்களின் வால்வுகள், பாய்மரக் கம்பிகளைப் பிணைக்கும் இரும்புகள், அடியில் உள்ள ஏரா எனும் அடிக்கட்டையின் போல்ட்டுகள் ஆகியவற்றை எந்தத் தட்டும் மறைக்கக் கூடாது. குழாய் வெடித்துத் தண்ணீர் பீறிடும்போது நாற்பது டின்களை அகற்றிவிட்டு வால்வைத் தேட நேரம் இருக்காது. உயிர் போகும் காரியம்.

பலகையிலும் சிக்கனம் கூடாது. நம் ஊர்க் கடைகளில் ஐ.எஸ். 710 முத்திரையோடு விற்கும் மரைன் பிளைவுட் போன்ற, நீரில் பிரியாத பலகையே வேண்டும். வெட்டிய விளிம்புகளையும் எபாக்சி பூசி அடைக்க வேண்டும்.

பதிவேடு இல்லையேல் சரக்கு இல்லை

டின் உணவைப் படகின் அடிவயிற்றில் வைப்பது எடைக்கு நல்லது. ஆனால் அங்கே தண்ணீர் தேங்கும். டின்னில் ஒட்டிய காகிதம் ஊறிக் கழன்று, தண்ணீர் இறைக்கும் பம்ப்பை அடைத்துவிடும். அதன்பின் எந்த டின்னில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஆகவே காகிதத்தை முன்பே உரித்துவிட்டு, டின்னின் மேல் பெயின்ட்டால் குறியீடு எழுதுகிறார்கள். அட்டைப் பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிடுகிறார்கள். அவற்றின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்து வரும்.

ஒவ்வோர் அறைக்கும் எண் கொடுத்து, எந்த எண்ணில் எது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி, எடுக்கும்போதெல்லாம் கழித்து வருகிறார்கள். தண்ணீரை இரண்டு மூன்று தனித்தனிக் கலங்களில் பிரித்து வைக்கிறார்கள். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும்.

நமக்கு என்ன?

கடை ஆடுவதில்லை, மூழ்குவதும் இல்லை என்று நாம் நினைக்கலாம். ஆனால் பழைய கட்டடத்தில் பரண் மேல் பரண் போட்டுப் பாரம் ஏற்றுவதும், மின் மீட்டரையும் மெயின் சுவிட்சையும் மூட்டைகளால் மறைப்பதும், பின்வாசலை அட்டைப் பெட்டிகளால் அடைப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. தீ விபத்து நேர்ந்தால் சுவிட்சை அணைக்கவும் வழியில்லை, வெளியே ஓடவும் வழியில்லை. பரண் இறங்கினால் கீழே நிற்பவர் நம் பணியாளர் அல்லது நம் வாடிக்கையாளர். சரக்கைத் திரும்ப வாங்கலாம். ஆளை வாங்க முடியாது.

முடங்கிய சரக்கின் எடையையும் நாம் சுமந்துகொண்டிருக்கிறோம். ஓராண்டாக விலை போகாத பெட்டி இடத்தை மட்டும் அடைப்பதில்லை. முதலையும் வட்டியையும் சேர்த்தே அடைக்கிறது. படகு தாழ்வது நீர்க்கோட்டில் தெரியும். கடை தாழ்வது ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் தெரிகிறது.

எனவே அடுத்த பரணுக்குத் தச்சரை அழைக்கும் முன், மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இறக்க வேண்டியதை இறக்கிவிட்டோமா? கனமானது கீழே இருக்கிறதா? அவசரத்தில் கை எட்ட வேண்டிய இடங்கள் திறந்திருக்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால், தாராளமாகப் பரண் போடலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், வரும் கடை விடுமுறை நாளில் முதல் வேலை அதுவாகவே இருக்கட்டும்.