பிசியோதெரபி படிப்பு: பணம் கட்டுமுன்

குருவிட்டவைச் சுற்றியுள்ள தேயிலை, றப்பர் தோட்டங்களில் கழுத்துவலியும் இடுப்புவலியும் புதிய சங்கதியல்ல. கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறி இறங்கும் பெண், இரவில் சித்தாலேப்ப பூசிவிட்டு மறுநாளும் பிரட்டுக்குப் போகிறார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, பிசியோதெரபி படிக்க ஆசைப்பட்டால் சந்தோஷம்தான். நோயாளியிடம் தமிழில் பேசும் தெரபிஸ்ட் இரத்தினபுரிப் பக்கம் எத்தனை பேர் வந்தாலும் தகும். ஆனால் அந்த ஆசையைத் தேடி முகவர்களும் வருவார்கள்.

பட்டம் தருவது பல்கலைக்கழகம். அதை வைத்து இங்கே தொழில் செய்ய விடுவது இலங்கை மருத்துவ சபை. டாக்டர்மாரைப் போல பிசியோதெரபிஸ்டும் அங்கே பதிய வேண்டும். விளம்பரத்தில் "அங்கீகாரம் பெற்றது" என்றிருந்தால், யாருடைய அங்கீகாரம், எதற்கு என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்றிருக்கலாம். அதனால் மட்டும் அதன் பிசியோதெரபிப் பட்டம் மருத்துவ சபையில் பதிவாகிவிடாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பெற்றோர் நகையை அடகு வைக்கிறார்கள். குறுகிய கால "தெரபி" சான்றிதழ்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கட்டணமில்லாத வழியை முதலில் பாருங்கள். பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இருக்கிறது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. கொழும்புப் பிள்ளையின் இசட் புள்ளியோடு ஒப்பிட்டு விண்ணப்பிக்காமலே விடுவது வீண் நட்டம். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு. அங்கே சிவில் மாணவருக்குக் கட்டணம்.

முதுமாணிக்கு வெளிநாடு போகிறவர்கள் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். பிரித்தானியாவில் இருவகை முதுமாணி உண்டு. ஒன்று, ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர் மேலும் கற்பதற்கு. அதை முடித்தால் அறிவு கூடும், அதனால் மட்டும் அங்கே பதிவு கிடைக்காது. மற்றது, வேறு பட்டம் பெற்றவரைத் தெரபிஸ்டாக்குவது, அதை எச்.சி.பி.சி. என்ற பதிவு அமைப்பு அங்கீகரித்திருக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். அமெரிக்காவில் தொழிலுக்குள் நுழைவதே டி.பி.டி. என்ற முனைவர் நிலைப் பட்டத்தோடுதான். தமிழ்நாட்டில் எம்.பி.டி. என்ற பிசியோதெரபி முதுமாணி இரண்டு வருடம், கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதைக் கல்லூரியிடம் கேட்காமல் அந்தப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். நேரே நோயாளியைத் தொட்டுப் பயிலும் மணித்தியாலங்கள் எத்தனை, எந்த வைத்தியசாலையில் என்பதையும் விசாரியுங்கள். மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

முகவர் சொல்வதைச் சரிபார்க்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கை கொடுக்கும். "இன்ன நிறுவனத்தின் இன்ன பட்டத்தைப் பதிவுக்கு ஏற்கிறீர்களா?" என்று மருத்துவ சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை முற்பணம் கட்டாதீர்கள். "நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால், போகட்டும்.

கட்டியே ஆயிற்று என்றால் பற்றுச்சீட்டு, பிரசுரம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். மூலச் சான்றிதழை எவர் கையிலும் விட்டுவராதீர்கள், பிரதி போதும். சொன்னபடி நடக்கவில்லையா? நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 3 மாதக் கெடு உண்டு, அவர்களின் இலக்கம் 1977. "படிப்போடு வெளிநாட்டில் வேலையும் நிச்சயம்" என்று காசு வாங்கியிருந்தால், அந்த முகவருக்கு உரிமம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் அது பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டிய குற்றம். முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போட வேண்டாம்.