பரிசு ஒருவருக்கு, பாடுபட்டவர் பலர்!

ரத்த அணுக்களைப் பிரிக்கும் எந்திரம் பிறந்த கதை

ஒரு சொட்டு ரத்தத்தில் கோடிக்கணக்கான அணுக்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வரிசையில் வரவழைத்து, "நீ யார்?" என்று விசாரித்து, வேண்டியதைத் தனியே பிரித்து எடுக்கும் எந்திரம் ஒன்று உண்டு.

அந்த வித்தைக்குப் பெயர் "ஃப்ளோ சைட்டோமெட்ரி".

ரத்தப் புற்றுநோய் எந்த வகை என்று கண்டுபிடிக்கவும், எய்ட்ஸ் நோயாளியின் உடம்பில் எதிர்ப்பு சக்தி எவ்வளவு மிச்சம் என்று அளக்கவும் டாக்டர்கள் இதை நம்பி இருக்கிறார்கள்.

இந்த எந்திரத்துக்காக 2006-ம் ஆண்டு ஜப்பானில் கியோட்டோ பரிசு வழங்கப்பட்டது. பரிசுத் தொகை 5 கோடி யென். தங்கப் பதக்கமும் உண்டு. வாங்கியவர் அமெரிக்க விஞ்ஞானி லியோனார்டு ஹெர்சன்பர்க். அப்போது அவருக்கு வயது 75.

பரிசு ஒருவர் கைக்குப் போனது. எந்திரம் ஒருவர் செய்ததா? இல்லை!

கண் பூத்துப் போச்சு

1960-களில் ஹெர்சன்பர்க், கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அணுக்களுக்கு ஒளிவிடும் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போச்சு!

அப்படி எண்ணினாலும், அந்த அணுவை உயிரோடு தனியே எடுக்க வழி இல்லை. இதற்கு ஒரு மிஷின் கூடவா கிடையாது என்று தேட ஆரம்பித்தார்.

அணுகுண்டு ஊரில்

தேடியது லாஸ் அலமாசில் கிடைத்தது. அணுகுண்டு தயாரித்த அதே ஊர்தான்.

அங்கே மேக் ஃபுல்வைலர் என்ற விஞ்ஞானி, ரத்த அணுக்களைப் பிரிக்கும் எந்திரம் செய்து 1965-ம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டிருந்தார். ஆனால் அது பருமனை மட்டுமே பார்த்தது. பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். ஒளியைப் பார்த்துப் பிரிக்க அதற்குத் தெரியாது.

எந்திரத்தின் வரைபடங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஹெர்சன்பர்க் ஊர் திரும்பினார்.

வெண்ணெயும் நெய்யும்

இதில் ஒரு வேடிக்கை. ஃபுல்வைலர் தன் எந்திரத்தில் பயன்படுத்திய முக்கியமான யோசனை, ரிச்சர்டு ஸ்வீட் என்ற என்ஜினீயருடையது. மையைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்து, சொட்டுக்கு மின்சாரம் ஏற்றி, நினைத்த இடத்தில் விழ வைப்பார் அவர். காகிதத்தில் எழுதுவதற்காகச் செய்த வித்தை அது.

அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? அதே ஸ்டான்போர்டு! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

1969-ம் ஆண்டு ஸ்டான்போர்டு குழுவின் முதல் கட்டுரை வெளிவந்தது. ஹியூலெட், பானர், பாரெட், ஹெர்சன்பர்க் என்று அதில் 4 பெயர்கள். 1972-ம் ஆண்டு கட்டுரையில் லேசர் வந்து சேர்ந்தது. ஸ்வீட்டின் பெயரும் சேர்ந்தது.

இதே காலத்தில் ஜெர்மனியில் வோல்ப்காங் கோடே என்பவர், ஒளியை அளக்கும் எந்திரம் ஒன்றைத் தனியாகவே உருவாக்கினார்.

எப்படி வேலை செய்கிறது?

ரத்த அணுக்கள் மெல்லிய குழாய் வழியே, பஸ் க்யூ மாதிரி ஒற்றை வரிசையில் வரும். குறுக்கே லேசர் கதிர். சாயம் ஏறிய அணு மீது கதிர் பட்டதும் பளிச்சென்று ஒளி விடும்.

உடனே அந்த அணு இருக்கும் சொட்டுக்கு எந்திரம் மின்சாரம் ஏற்றும். இரண்டு உலோகத் தகடுகள் அந்தச் சொட்டை ஒரு பக்கமாக இழுத்துத் தனிக் குழாயில் விழ வைக்கும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். ஆனால் ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கில்!

ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் எண்ணுவதோடு சரி. பிரித்து எடுப்பது ஆராய்ச்சிக்கூடத்தில்.

200-க்குக் கீழே...

எய்ட்ஸ் கிருமி முக்கியமாகத் தாக்குவது "சி.டி.4" என்ற வெள்ளை அணுவை. நல்ல உடம்பில் ஒரு கன மில்லி மீட்டர் ரத்தத்தில் இது 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து.

எப்போது மருந்து தொடங்குவது என்பதைப் பல ஆண்டுகள் இந்த எண்ணிக்கைதான் முடிவு செய்தது. எண்ணிக்கை எதுவானாலும் மருந்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2015-ம் ஆண்டில்தான். நோய் முற்றிவிட்டதா என்று பார்க்க இன்றும் இது வேண்டும்.

மனைவியின் பங்கு

ஹெர்சன்பர்க்கின் மனைவி லியோனோர், கணவரோடு சேர்ந்தே ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தியவர். கணவர் படித்த கால்டெக்கில் அப்போது பெண் என்பதால் அவருக்கு இடம் இல்லை. சும்மா வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிற்காலத்தில் ஸ்டான்போர்டில் பேராசிரியை ஆனார்!

ஹெர்சன்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2013 அக்டோபரில் காலமானார்.

முன்னோடி ஃபுல்வைலர், கியோட்டோ பரிசு அறிவிக்கப்படும் முன்பே, 2001-ம் ஆண்டு மறைந்துவிட்டார். ஆனால் சக நிபுணர்கள் அவரை மறக்கவில்லை. இத்துறையின் சர்வதேசச் சங்கம், புதுமை படைப்பவர்களுக்குத் தரும் விருதுக்கு ஃபுல்வைலர் பெயரையே வைத்திருக்கிறது.